அரிய வாயிலா, எளிய வாயிலா?

மனிதன் தன் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள் பெரும்பாலானவற்றை அறம் பற்றிய முடிவுகள் என்று அவன் எண்ணுவதே இல்லை. எந்த ஊருக்கு மாற்றல் கேட்பது, எந்த வீட்டில் குடியிருப்பது, பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பனவெல்லாம் வசதியைப் பற்றிய கணக்குகள் என்றே கருதி விடுகிறோம். ஆயினும் அக்கணக்கின் அடியில் சில வேளைகளில் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. அத்தகைய வினா ஒன்றைப் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி என் முன் வைத்தாள். அதற்கு நான் அளித்த முதல் விடை தவறானது. அத்தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா எழுந்த விதம்

என் தமையனார் குடும்பம் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழ்கிறது. அவருடைய மகள் மருத்துவராக விழைபவள். பள்ளி இறுதியாண்டில் அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று, பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். பாடச் சுமையாலும், மதிப்பெண் வழங்குவதில் காட்டும் கண்டிப்பாலும் அறியப்பட்டது. மற்றொன்று, மாநிலப் பல்கலைக்கழகம். அது கல்வி உதவித்தொகையும் தர முன்வந்திருந்தது. எதில் சேர்வது என்று வீட்டில் நாள்தோறும் விவாதம். தந்தைக்குப் பெயரில் நாட்டம்; தாய்க்குச் செலவில் அச்சம். ஒருநாள் இரவு அப்பெண் தில்லியிலிருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சித்தப்பா?” என்றாள்.

இவ்வினாவின் முழுப் பொருளையும் அறிய, அந்நாட்டு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ‘நீட்’ தேர்வின் தரவரிசையைக் கொண்டு நேரே மருத்துவக் கல்லூரியில் புகுகிறார். அமெரிக்காவில் பெரும்பாலும் அவ்வாறு இல்லை. முதலில் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பயின்று இளங்கலைப் பட்டம் பெற வேண்டும். பட்டம் இலக்கியத்திலும் இருக்கலாம், வரலாற்றிலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் முதலிய பாடங்களைப் பயின்றிருக்க வேண்டும். மருத்துவ முன்படிப்பு என்பது அங்கே தனிப்பட்ட பட்டம் அன்று. ஒரு மாணவரின் நோக்கத்துக்கு இட்ட பெயர். பின்னர் ‘எம்கேட்’ எனப்படும் நுழைவுத் தேர்வு. அதன்பின் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. அதற்கும் பின்னர் மருத்துவமனையில் குறைந்தது மூன்றாண்டுப் பயிற்சி. பதினெட்டு வயதில் புறப்பட்டவர் தனித்து நின்று நோயாளியைப் பார்க்கும்போது முப்பதை எட்டியிருப்பார்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போரில் பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. தேர்வுக் குழுவினர் முதலில் நோக்குவன இரண்டு எண்கள்: எம்கேட் தேர்வின் எண், நான்காண்டு மதிப்பெண்களின் சராசரி. இச்சராசரி நான்கைப் பேரெல்லையாகக் கொண்டது. முதல் தரம் பெற்றால் நான்கு. இரண்டாம் தரம் பெற்றால் மூன்று. இங்கேதான் முடிச்சு விழுகிறது. கண்டிப்பான பல்கலைக்கழகத்தில் அரும்பாடுபட்டுப் பெற்ற இரண்டாம் தரமும் தாளில் இரண்டாம் தரமே. தாராளமான இடத்தில் எளிதாகப் பெற்ற முதல் தரமும் தாளில் முதல் தரமே. அவ்வாறாயின், மருத்துவராக வேண்டுமென்று உறுதிகொண்ட ஒருவர் கடினமான இடத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமையா? எளிய இடத்தைத் தேர்ந்தெடுப்பது நேர்மையா?

நான் சற்றும் தயங்கவில்லை. “எளிய இடத்துக்கே போ அம்மா. நல்ல மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு வேண்டியதையெல்லாம் படித்துக்கொள்ளலாம்” என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அப்படியென்றால் எனக்கு என்ன தெரியாது என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடாதா, சித்தப்பா?” என்று கேட்டாள். என்னால் விடை கூற இயலவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பேச்சை முடித்துக்கொண்டேன்.

கடுமை புகுந்த வரலாறு

மருத்துவம் பயில வருவோருக்கு முன்கல்வி வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் தொன்றுதொட்டு வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பணம் கட்டிய எவரும் சேரக்கூடிய மருத்துவப் பள்ளிகள் மலிந்திருந்தன. ஆய்வுக்கூடமும் இல்லாமல், நோயாளியைத் தொட்டும் பாராமல் பட்டம் பெற்றோர் பலர். 1893ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, இளங்கலைப் பட்டம் பெற்றவரையே சேர்ப்பது என்று விதித்தது. அப்பள்ளிக்குப் பெரும்பொருள் வழங்கிய மேரி காரெட் என்னும் அம்மையார், பெண்களை ஆண்களுக்கு நிகராகச் சேர்த்தல் வேண்டும் என்பதோடு, சேர்க்கைத் தகுதியும் உயர்ந்திருத்தல் வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். நாம் ஆசிரியராக வந்ததால் பிழைத்தோம், மாணவராக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திராது என்று அங்கே பேராசிரியராயிருந்த வில்லியம் ஆஸ்லர் தம் நண்பரிடம் நகைச்சுவையாகக் கூறினாராம்.

1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர், பள்ளி நடத்தியவர். கூடமில்லாத பள்ளிகளையும் கூசாமல் பொருளீட்டிய பள்ளிகளையும் அவர் ஊரறிய எடுத்துரைத்தார். பல பள்ளிகள் மூடப்பட்டன. அரைகுறைப் பயிற்சியினரிடம் அகப்பட்டு அல்லலுற்றிருக்கக் கூடிய நோயாளிகள் எத்துணையோ பேர் தப்பினர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. கறுப்பின மக்களுக்கென்று அந்நாளில் இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளுள் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. வேறெங்கும் நுழைய வழியில்லாத ஓர் இனத்தின் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்வியின் கதவு ஏறக்குறைய அடைபட்டது. அவர்தம் சேரிகளில் நோயுற்றோருக்கு நல்ல மருத்துவர் கிடைப்பதற்கு மாறாக, மருத்துவரே கிடைப்பது அரிதாயிற்று. உயிர்காக்க வந்த அதே கடுமை, ஒருசாராரை வாயிலிலேயே நிறுத்தியது. கடுமை என்றாலே நன்மை என்று கொள்வோர் இதனை மறத்தலாகாது.

அண்மைக் காலத்தில் இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வழங்கப்படும் தரங்களில் ஏறத்தாழப் பாதி முதல் தரமாகவே ஆகிவிட்டது கண்டு, 2004ஆம் ஆண்டில் ஆசிரியர் அவை ஓர் எல்லை வகுத்தது. பாடங்களில் வழங்கும் முதல் தரங்கள் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு உட்பட்டே இருத்தல் வேண்டும் என்பது அது. தரத்தைக் காக்கும் நல்லெண்ணம்தான். ஆயின், நாளடைவில் மாணவர்கள் அதனை வரம்பாக எண்ணாமல், முன்கூட்டியே எண்ணி வைக்கப்பட்ட இடங்களாக எண்ணத் தலைப்பட்டனர். பக்கத்து இருக்கையில் இருப்பவன் பெற்றால் தனக்கு ஒன்று குறைந்தது என்னும் அச்சம் பிறந்தது. 2014ஆம் ஆண்டில் அவ்வெல்லை கைவிடப்பட்டது. அயலான் உயர்வைத் தன் தாழ்வாகக் காணப் பழகிய மனம், பின்னாளில் அயலான் நோயைத் தன் நோயாகக் காணுமா?

இவ்வையம் பழையது. லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர், மருத்துவ முன்படிப்பு என்னும் பெயரே இளங்கலைக் கல்வியைக் கெடுக்கிறது என்று 1978ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். தம்மை முன்படிப்பு மாணவர் என்று அடையாளப்படுத்திக்கொள்வோரின் விண்ணப்பங்களைப் பின்னுக்குத் தள்ளவேண்டும் என்றும், கிரேக்கம் முதலிய செம்மொழிகளைக் கல்வியின் நடுநாயகமாக வைக்கவேண்டும் என்றும் அவர் கூறினார். சற்று மிகையாகத் தோன்றினும் அவர் கருத்து விளங்குகிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்றவன், எளிய இடத்தில் கற்றாலும் அரிய இடத்தில் கற்றாலும் கற்றவன் ஆகான்.

இரு வகைக் கடுமை

இத்துணையும் படித்த பின்னும் அப்பெண்ணுக்குக் கூற எனக்கு விடை கிடைக்கவில்லை. விடை கிடைத்த இடம் என் அலுவலக மேசை.

நான் அரசுப் பணியில் சேர்ந்த புதிதில் என் பிரிவு அலுவலராயிருந்தவர் மிக நல்லவர். நான் எழுதி வைத்த குறிப்புகளை ஏறிட்டும் பாராமல் கையொப்பமிடுவார். மூன்றாண்டுகள் ஒரு கோப்பும் என்னிடம் திரும்பியதில்லை. வேலையில் தேர்ந்துவிட்டேன் என்றே நான் நம்பியிருந்தேன். அவர் ஓய்வுபெற்றபின் வந்தவரோ, நாள்தோறும் பாதிக் கோப்புகளைச் சிவப்பு மையுடன் திருப்பி அனுப்பினார். அவரைச் சபிக்காத நாள் இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு மனுவும் எழுதி வைத்திருந்தேன்.

2010ஆம் ஆண்டில், இளம் வயதிலேயே பணியிலிருக்கும்போது இறந்துபோன ஊழியர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என்னிடம் வந்தது. ஏழாண்டுத் தொடர்பணி நிறைந்தவர் பணியில் இறந்தால், அவர் குடும்பத்துக்கு முதல் பத்தாண்டுகள் இறுதி ஊதியத்தில் பாதியும், அதன்பின் நூற்றுக்கு முப்பது வீதமும் தரப்படும். ஏழாண்டு நிறையாவிடில் தொடக்கம் முதலே முப்பது வீதம் என்பது அந்நாளைய விதி. (2019இல் இவ்விதி தளர்த்தப்பட்டது.) நான் அவர் பணி நிரந்தரமான நாளிலிருந்து எண்ணி, ஆறாண்டுகளே என்று கணக்கிட்டு, முப்பது வீதம் என எழுதினேன். கோப்பு திரும்பியது. ஓரத்தில் ஒரே வரி: ‘பணியில் சேர்ந்த நாள் எது?’ சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டாண்டுகள். என் பிழையால் ஒரு விதவைக்கும் அவருடைய இரு குழந்தைகளுக்கும் பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் ஐந்தில் இரு பங்கு குறைந்திருக்கும். அவ்வம்மையாருக்கு அது தெரிந்திருக்கவும் வழியில்லை.

அன்று மாலை அலுவலர் என்னை அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. விதிப்புத்தகத்தை விரித்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அரை மணி நேரம் விளக்கினார். வெளியே வந்தபோது என்னை வாட்டிய எண்ணம் வேறொன்று. முந்தைய மூன்றாண்டுகளில் திரும்பாமல் போன கோப்புகளில் எத்தனை பிழைகள் இருந்திருக்கும்? அவற்றால் யார் யார் இழந்தனர்? அது எனக்கு இன்றளவும் தெரியாது. மாற்றம் கேட்டு எழுதிய மனுவை அன்றே கிழித்துப்போட்டேன்.

இதே அலுவலகங்களில் வேறொரு வகைக் கண்டிப்பும் இருந்ததுண்டு. ஊழியரின் குறையை அவரிடம் கூறாமல், ஆண்டறிக்கையில் கமுக்கமாக எழுதி வைக்கும் முறை முன்பு இருந்தது. பதவி உயர்வு கைநழுவிய பின்னரே தன்மேல் ஏதோ குற்றம் இருந்தது என்று ஊழியர் அறிவார். என்ன குற்றமென்று அறியார். இதுவும் கடுமைதான். ஆனால் இதனால் எவரும் திருந்தியதில்லை.

எனவே கடுமை இருவகைப்படும். ஒன்று திருத்தும் கடுமை. மற்றொன்று கழிக்கும் கடுமை. முன்னது பிழையைக் காட்டி, அருகில் நாற்காலி இழுத்துப்போடுகிறது. பின்னது பிழையை எண்ணி, பெயரை அடிக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் இவ்விரண்டும் உண்டு. முதலாண்டு வேதியியலில் தடுமாறும் மாணவரை ஆசிரியர் தம் அறைக்கு அழைத்து விளக்கும் இடமும் உண்டு. தடுமாறியவர் தாமே விலகட்டும் என்று விட்டுவிட்டு, எஞ்சியவரைக் காட்டி, எம்மிடம் பயின்று விண்ணப்பித்தோர் பெரும்பாலும் வெல்கின்றனர் என்று பெருமை பேசும் இடமும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கடினமானவையாகவே தோன்றும்.

யாருக்காகத் தேர்ந்தெடுப்பது?

மருத்துவக் கல்வி பிற கல்விகளிலிருந்து வேறுபடும் இடம் ஒன்றுண்டு. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை எண்ணும்போது நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். மருத்துவன் அவனுக்கு அடுத்தே வருகிறான். பதினேழு வயதுப் பெண் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்நோயாளி எங்கோ இருக்கிறான். ஒருவேளை இன்னும் பிறந்திருக்கவும் மாட்டான். ஆயினும் இத்தேர்வில் அவனுக்கும் பங்குண்டு. தன் மருத்துவர் எவ்விடத்தில் பயின்றார், எத்தனை மதிப்பெண் பெற்றார் என்று அவன் கேட்கப் போவதில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணரக்கூடியவரா என்பதொன்றே அவனுக்கு வேண்டும். வேதியியல் கூடத்தில் செய்த பிழையால் ஒரு கண்ணாடிக் குடுவை உடையும். கட்டிலருகே செய்த பிழையால் ஒரு குடும்பம் உடையும். தன் அறியாமை வெளிப்படுவதால் எவருக்கும் தீங்கு நேராத பருவம் மாணவப் பருவம் ஒன்றே. அப்பருவத்தை அறியாமையை மறைப்பதிலேயே கழிப்பவர், அதனை நோயாளியின் கட்டிலருகே வெளிப்படுத்த நேரும்.

அப்படியானால் அனைவரும் அரிய வாயிலையே நாடவேண்டுமா? அவ்வாறு கூறுவதும் பொருந்தாது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அதே வள்ளுவர், செயலின் வலிமையோடு தன் வலிமையையும் துணையின் வலிமையையும் எடைபோடச் சொல்கிறார். அளவு மீறினால் மயிலிறகின் சுமையும் வண்டியின் அச்சை முறிக்கும் என்று அஞ்சுகிறார். கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி காணும் பிள்ளை, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை, இவர்கள் ஒரு பருவத் தேர்வில் சறுக்கினால் மீண்டெழ இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதரிது. அவர்கள் எளிய வாயிலைத் தேர்வதைக் கோழைத்தனம் என்பது, வயிறு நிறைந்தவர் பசித்தவனுக்கு நோன்பு உபதேசிப்பது போலாகும். மேலும், பேர்பெற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்போர் எல்லோரும் கற்பதற்காகவே தேர்கின்றனர் என்றும் சொல்வதற்கில்லை. உறவினர் திருமணத்தில் நான்கு பேர் நடுவே பிள்ளையின் பல்கலைக்கழகப் பெயரைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் தோன்றும் ஒளியை நாம் அறிவோம். அவ்வொளிக்காகப் பிள்ளையின் தோளில் சுமை ஏற்றுவதும் நேர்மையன்று. இங்கே தலைநகரில் பெயரளவுக்கு ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு நாள் முழுதும் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளை அடைத்து வைக்கும் நாமும் அக்குற்றத்துக்கு அயலார் அல்லேம்.

ஆகவே எளிய இடமா, அரிய இடமா என்று கேட்பதால் பயன் விளையாது. நான் பிழை செய்தால் அதனை எனக்குக் காட்டுவோர் எங்கே இருக்கின்றனர் என்பதே கேட்கத் தக்கது. எளிய இடத்திலும் அத்தகைய ஆசிரியரைத் தேடி அடையலாம். அரிய இடத்திலும் அவர் கண்ணில் படாமலே நான்காண்டுகளைக் கடத்திவிடலாம். பிழை வெளிப்படாதிருப்பதற்காக ஓரிடத்தைத் தேர்பவர், அது எவ்வளவு புகழ்பெற்ற இடமாயினும், வருங்கால நோயாளியைக் கைவிட்டவர் ஆவார்.

இவற்றையெல்லாம் என் தமையன் மகளுக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். முதலில் நான் கூறிய விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதினேன். இதில் சேர், அதில் சேர் என்று கூறவில்லை. இரண்டு இடங்களிலும் பயிலும் மூத்த மாணவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப்பார் என்றேன்: முதல் தேர்வில் தோற்றவருக்கு இங்கே என்ன நேர்கிறது?

அவள் கேட்டாள். இரண்டு இடங்களிலிருந்தும் நல்ல விடைகளே வந்தன என்றாள். முடிவில், தந்தையின் கடனையும் எண்ணி, மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தாள். ஆனால் அங்கே வேதியியலில் இரண்டு வகுப்புகள் இருந்தன. அவற்றுள் கடுமையான வகுப்பைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டாள். முதல் தேர்வில் வகுப்பின் நடுவில் நின்றாள். பள்ளியில் எந்நாளும் முதலிடம் பெற்றவள், எனக்கு அதைச் சொன்னபோது அவள் குரல் சற்றே நடுங்கியது. பிறகு, எந்த இடத்தில் தன் சிந்தனை பிறழ்ந்தது என்று ஆசிரியர் காட்டியதைக் கால் மணி நேரம் எனக்கு விளக்கினாள். பி.ஏ. வரலாறு படித்த எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. குரலின் நடுக்கம் நின்றுவிட்டது மட்டும் விளங்கியது.

அவள் மருத்துவராவாளோ, மாட்டாளோ, நான் அறியேன். அந்த ஒரு தேர்வே அவள் சராசரியைக் குறைத்து, கதவைச் சாத்திவிடவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் என் கடிதத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை நான் மறவேன். எனினும், அவளிடம் ஒருநாள் வந்து படுக்கப்போகும் முகமறியா மனிதர் ஒருவர் இருப்பாராயின், அவர் சார்பில் அன்று சொல்லத் தக்கது அதுவாகவே எனக்குத் தோன்றிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து நீட்டும்போது, மேலே உள்ள எண்ணைப் பார்க்குமுன், ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் படிக்க நாமும் பழகிக்கொள்வோமாக.